தராசு காட்டாத நலம்

(பங்கின் பொன்விழா ஆண்டையொட்டி நடைபெற்ற பெற்றோர் – இளையோர் கூட்டத்தில், பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் ஒரு மருத்துவரைப் பேச அழைத்திருந்தால், அவர் எதைப் பற்றிப் பேசியிருப்பார்? வயிற்றுப்போக்கு, அம்மை, தடுப்பூசி, பிள்ளைகளுக்குப் போதிய உணவு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசியிருப்பார். 'பிள்ளை தேறவில்லையே' என்பதே அன்றைய தாயின் கவலை. அந்தக் கவலை இன்றும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதே தெருவில், சில வேளை அதே வீட்டில், வேறொரு கவலையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் வரும் என்று நாம் எண்ணியிருந்த சர்க்கரை நோயின் நிழல், பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகள் மீது விழத் தொடங்கியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் வீட்டுக் கதை

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்பவன் தன் வீட்டைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது முறையல்ல.

என் தந்தைக்கு 48 வயதில் சர்க்கரை நோய் வந்தது. எனக்கு 41 வயதிலேயே வந்துவிட்டது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பன்னிரண்டாம் வகுப்பு, ஒல்லியான உடம்பு. இளையவள் ஒன்பதாம் வகுப்பு. சற்றுப் பூசினாற்போன்ற உடம்பு. வீட்டுக்கு வரும் உறவினர்கள் மகளைப் பார்த்ததும் முதலில் சொல்வது, 'கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடும்மா' என்பதுதான். மகனைப் பார்த்தாலோ, 'பாவம், படிச்சுப் படிச்சு இளைச்சுட்டான்' என்று இன்னொரு கரண்டி நெய் ஊற்றச் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மகன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அவனுடைய கால்பந்தை எடுத்துப் பரணில் போட்டவன் நான்தான். 'தேர்வு முடியட்டும், பிறகு ஆடலாம்' என்றேன். தேர்வு முடிந்தது, பதினொன்றாம் வகுப்பு வந்தது. காலை ஆறு மணிக்கு ஒரு டியூஷன், மாலையில் ஒன்று. நேரம் வீணாகக் கூடாதென்று சைக்கிளையும் நிறுத்திவிட்டு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மகளோ எறிபந்துக் குழுவில் இருந்தாள். பள்ளிக்கும் சைக்கிளில்தான் போய்வந்தாள்.

சென்ற ஆண்டு, 'இவளும் பத்தாவதுக்குப் போகிறாள்; ஆட்டத்தை நிறுத்திவிடலாம்' என்று என் மனைவி சொன்னார். நானும் தலையசைத்தேன். அந்த வாரம் எனக்கு இரத்தப் பரிசோதனை நாள். வந்ததோடு பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுவோம் என்று அழைத்துப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்று ஒரு கணக்கு உண்டு. அது 5.7க்குக் கீழே இருக்க வேண்டும், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5க்கு மேல் நோய். குண்டு என்று எல்லோரும் சொன்ன மகளுக்கு 5.2. ஒல்லி என்று எல்லோரும் இரங்கிய மகனுக்கு 5.9. தவறாக இருக்குமோ என்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதே கணக்குத்தான் வந்தது.

அன்று இரவு பரணிலிருந்து கால்பந்தை இறக்கினேன். அதில் காற்று இல்லை. மகளின் ஆட்டத்தை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது.

எண்கள் சொல்வது என்ன?

ஒரு வீட்டுக் கதையை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது. ஆகவே நாடு தழுவிய கணக்கைப் பார்ப்போம். 2016 முதல் 2018 வரை இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலை குறித்து ஒரு விரிவான ஆய்வு நடத்தியது. அதன்படி, 10 முதல் 19 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் வயதுக்குத் தகாத மெலிவுடையவர்கள். நூற்றுக்கு 5 பேர் மிகை எடை உடையவர்கள். ஆனால் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களோ நூற்றுக்குப் பத்துப் பேர்!

தயவு செய்து இந்தக் கணக்கைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். மிகை எடையுள்ள ஐந்து பேருமே எல்லைக்கோட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், இன்னும் ஐந்து பேர் மீதி இருக்கிறார்களே, அவர்கள் யார்? தராசு 'சரி' என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகள்! என் மகனைப் போன்றவர்கள்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 2004ஆம் ஆண்டில் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்; மற்றவர் லண்டன் டாக்டர் ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்றே, இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் நாட்டவருக்கு 21.2 சதவீதம். நம்மவர்களில் பலருக்கு வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைவு, வயிற்றுக்குள்ளும் ஈரலைச் சுற்றியும் கொழுப்பு அதிகம். இது தராசுக்குத் தெரியாது. தராசு எலும்பையும் தசையையும் கொழுப்பையும் ஒன்றாகக் கட்டி நிறுக்கிறது.

மூச்சு வலிமை

அப்படியானால் வேறு எதைப் பார்ப்பது? மூச்சைப் பாருங்கள் என்கிறேன். ஓடும்போதும் மாடி ஏறும்போதும் நுரையீரல் பிராணவாயுவை இழுக்கிறது. இருதயம் அதை இரத்தத்தில் அனுப்புகிறது. தசை அதை வாங்கி வேலை செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து எவ்வளவு திறமையாக உழைக்கின்றன என்பதே மூச்சு வலிமை. இதை 'ஏரோபிக்' வலிமை என்பார்கள். அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய நூலால் இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று பார்த்தே இந்த வலிமையை மதிப்பிடலாம் என்று காட்டியவரும் அவரே.

இதற்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நாம் உண்ணும் சோறும் இட்லியும் குளுக்கோசாகி இரத்தத்தில் சேர்கின்றன. அதைப் பெருமளவில் வாங்கி வைக்கும் களஞ்சியம் நம் தசை. அந்தக் களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் சாவி, கணையம் சுரக்கும் இன்சுலின். உழைக்காத தசையில், கொழுப்பு சேர்ந்த உடம்பில், சாவி சரியாகத் திரும்புவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. ஒரு நாள் அது களைத்துப் போகிறது. அந்த நாளைத்தான் சர்க்கரை நோய் வந்த நாள் என்கிறோம். உண்மையில் அது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஆனால் களஞ்சியத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாராமலே அந்த வாசல் திறந்துகொள்கிறது. ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரை, தசை இன்சுலினின் சொல்லுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரிக்கெட் ஆடினால் போதாது. நாள்தோறும் வேண்டும் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளை பூப்பெய்தும் பருவத்திலும், ஆண் பிள்ளைக்குக் குரல் உடையும் பருவத்திலும் இன்சுலினின் ஆற்றல் இயல்பாகவே சற்றுக் குறைகிறது. பருவம் முடிந்ததும் அது பெரும்பாலும் சரியாகிவிடும். தசைக்கு வேலை மிகவும் தேவைப்படும் அந்த ஆண்டுகளில்தான் நாம் என்ன செய்கிறோம்? பெண்ணாக இருந்தால், 'வயசுக்கு வந்துவிட்டாய், இனி ஓடாதே' என்கிறோம். ஆணாக இருந்தால், 'பொதுத்தேர்வு வருகிறது, இனி ஆடாதே' என்கிறோம்.

லண்டன், சுவீடன், சென்னை

மருத்துவர் ஜெரமி மோரிஸ் என்பவர் 1953ஆம் ஆண்டில் லண்டன் பேருந்துத் தொழிலாளர்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். இரட்டை அடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுவதும் படி ஏறி இறங்குவார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று அவர் கண்டார். ஓட்டுநர்கள் பருமனாக இருப்பதுதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. 1956இல் அவர்களுடைய சீருடைக் கால்சட்டை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒல்லியாக இருந்தாலும் பருமனாக இருந்தாலும் நடத்துநர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்ததைப் பின்னர் கண்டார்கள். படிக்கட்டு தன் பங்கைச் செய்திருந்தது.

அது வயது வந்தவர்கள் கதை. சுவீடன் நாட்டில் இளைஞர்கள் பதினெட்டு வயதில் இராணுவப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அவர்களுடைய மூச்சு வலிமையையும் தசை வலிமையையும் அளந்து பதிவு செய்தார்கள். 1969 முதல் 1997 வரை அப்படிப் பதிவான சுமார் 15 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பதினெட்டு வயதில் இரண்டு வலிமையும் குறைவாக இருந்தவர்களுக்கு, இரண்டும் மிகுந்திருந்தவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அளவில் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வந்தது. எடை சரியாக இருந்தவர்களிடையேயும் இந்த வேறுபாடு தெரிந்தது. இத்தகைய ஆய்வில் தொடர்பு தெரியுமே தவிர, எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குடும்பச் சூழலும் மரபும் அதில் கலந்திருக்கும். ஆயினும் புறக்கணிக்கக்கூடிய செய்தி அல்ல.

இனி நம் சென்னைக்கு வருவோம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகிய அறிவுரையைத் தொடர்ந்து பெற்றவர்களில், மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 39 பேர் நோயாளியானார்கள். அந்த அறிவுரை பெறாதவர்களில் 55 பேர் ஆனார்கள். இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயன் பெற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசு முள் அசையாமல் இருந்தபோதும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் நடுவயதினர்தான், ஆனாலும் இந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒரு மாதம் ஓடியும் எடை குறையவில்லையே என்று மனம் உடைந்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் ஓடினால் போதும், பருமன் பற்றிக் கவலையே வேண்டாமா என்று கேட்டால், அதுவும் தவறு. அதே சுவீடன் பதிவுகளை வைத்து, சுமார் 13 லட்சம் பேரைப் பற்றி நடந்த வேறோர் ஆய்வு, மிகுந்த பருமனால் வரும் தீங்கை மூச்சு வலிமை முழுவதும் அழித்துவிடுவதில்லை என்று காட்டியது. ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். நான் வருந்துவதெல்லாம், நாம் ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை மறந்துவிட்டோமே என்பதுதான்.

கழுத்துக் கருமையும் கேலிப் பேச்சும்

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் கழுத்துக்குப் பின்னாலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட்டுப் போலத் தடித்திருந்தால், 'ஒழுங்காகக் குளிப்பதில்லை' என்று பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்க்கிறீர்கள். முகப்பூச்சு வாங்கித் தடவுகிறீர்கள். அது அழுக்கு அல்ல. பெரும்பாலும் அது இன்சுலின் இரத்தத்தில் அதிகமாகிவிட்டது என்று உடம்பு வெளியே ஒட்டி வைத்த அறிவிப்பு. தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு ஒழுங்கின்றி மாதக்கணக்கில் தள்ளிப்போகும் பெண் பிள்ளையையும் அப்படியே காட்டுங்கள்.

இளைஞர்களே, பருமனாக இருக்கும் தோழனைப் பட்டப்பெயர் வைத்து அழைப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மைதானத்துக்கு வருவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? எந்த இடத்தில் அவனுக்கு நலம் கிடைக்குமோ, அந்த இடத்திலிருந்தே நம் கேலி அவனைத் துரத்திவிடுகிறது. பெரியவர்களாகிய நாமும் இதே குற்றத்தைச் சாப்பாட்டுத் தட்டின் முன் செய்கிறோம்.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிப்படி, 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது நன்கு மூச்சு வாங்கும் ஆட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் அதில் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் உலகில் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு 81 பேர் 2016இல் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 பேர்.

அறுபது நிமிடத்தை ஒரே மூச்சில் தேட வேண்டியதில்லை. பள்ளிக்குச் சைக்கிளில் போக 15 நிமிடம், வர 15 நிமிடம், மாலையில் அரை மணி நேரம் கபடியோ, எறிபந்தோ, கயிறு தாண்டுதலோ போதும். போதிய வேகமா என்று அறிய ஒரு சுலபமான வழி: ஆடும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் இன்னும் சற்று வேகமாகப் போகலாம்.

வீட்டில் தராசு இல்லையென்றாலும் கவலையில்லை. ஒரு கயிற்றைப் பிள்ளையின் உயரத்துக்கு வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். சுற்றி வந்து முனைகள் சேர்ந்தால் நல்லது. சேராமல் இடைவெளி விழுந்தால் வயிற்றில் கொழுப்பு கூடுகிறது என்று பொருள். ஒல்லிப் பிள்ளைக்கும் இதைச் செய்து பாருங்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். எடை குறைக்கும் மாத்திரை, பொடி எதையும் அணுகாதீர்கள். பாட்டில் குளிர்பானத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தட்டில் சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், பயறு, கீரை, முட்டை, மீன் வரட்டும். டியூஷனுக்குப் போகும் பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு போய், மாலையில் பரோட்டாக் கடையில் வயிற்றை நிரப்ப வேண்டாம். இரவில் எட்டு மணி நேரமாவது உறங்கட்டும். கைபேசி வேறு அறையில் உறங்கட்டும்.

ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்று பிள்ளை சொன்னால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத இளைப்பு ஆகியவை தோன்றினால் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். அதை நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பொதுத்தேர்வு நெருங்கினால் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குகிறீர்கள். அந்தக் கடன் ஒருபோதும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை. அந்த வகுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

இறுதியாக, விழாக் குழுவினருக்கு. பொன்விழா முடிந்ததும் இந்தப் பந்தலைப் பிரித்துவிடுவீர்கள். திடல் மீண்டும் காலியாகும். இரண்டு ஆண்டுகளாக அது மாலை வேளையில் பூட்டியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் நிற்கின்றன. மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை ஒரு மணி நேரம் அதைத் திறந்துவிடுங்கள். மூன்று நாள் ஆண் பிள்ளைகளுக்கு, மூன்று நாள் பெண் பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொண்டாலும் சரியே. பொறுப்பாக நிற்க ஆள் வேண்டும் என்றால், திங்களும் வியாழனும் நான் வருகிறேன். எனக்கும் நடக்க வேண்டியிருக்கிறது.

என் மகன் ஆறு மாதமாக மறுபடி ஆடுகிறான். தேர்வும் எழுதினான், மதிப்பெண் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அண்மையில் எடுத்த பரிசோதனையில் 5.6. எல்லைக்கோட்டுக்கு ஒரு புள்ளிதான் கீழே. இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எடை மட்டும் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. இம்முறை அதைப் பார்த்து யாரும் கவலைப்படவில்லை.